நாய்க்குக் கொடுத்த அரை டம்ளர் பால்

மதாம் வீட்டு நாய்க்கு வாய் நாறியது. சாக்கடையில் எதையோ தின்றுவிட்டு வந்திருக்கும் என்று நினைத்தேன். நாலு நாளாகியும் நாற்றம் போகவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பல்லெல்லாம் மஞ்சளாய்க் காரை கட்டியிருந்தது. ஈறு ரத்தச் சிவப்பு. இடது கன்னம் வீங்கியிருந்தது. கஞ்சி வெச்சால் முகர்ந்து பார்க்கும். அப்புறம் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சின்ன நாய். வெள்ளை முடி. பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு. மதாம் அதைக் கூப்பிடுகிற பேர் என் வாயில் வராது. நான் குட்டி என்பேன். அதற்கும் வரும்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி மூணு வருஷம் ஆகியிருந்தது. மதாம் நம்ம நிறந்தான், தமிழ்தான். வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. கவுன் போடுவாங்க. வீட்டுக்காரர் சைகோனில் வேலை பார்த்து அங்கேயே தவறிவிட்டார். பிள்ளை கிடையாது. அந்த நாய்தான். என் வீட்டுக்காரரும் போன பிறகு நான் அவங்க வீட்டுப் பின்கட்டு அறையிலேயே தங்கிவிட்டேன். சமையல், துணி, நாய், எல்லாம் நான்தான்.

வாய்க்காலுக்கு மேற்கே ஒரு டாக்டர் இருந்தார். பட்டாளத்தில் குதிரைக்கு வைத்தியம் பார்த்து வந்தவர். வயசானவர். நாயின் வாயைத் திறந்து பார்த்தார். நாய் கடிக்கப் போனது.

"முழிச்சிருக்கறப்ப ஒண்ணும் செய்ய முடியாது மதாம். மயக்கம் குடுத்துதான் காரையைச் சுரண்டணும். ரெண்டு பல்லு ஆடுது, அதையும் எடுக்கணும். விட்டா சீழ் உள்ள இறங்கிடும்."

"வயசு ஒம்போது ஆவுதே. தாங்குமா?"

"நெஞ்சு நல்லாத்தான் அடிக்குது. ஆனா நான் சொல்றபடி கொண்டு வரணும்."

அவர் சொன்னதை மதாம் பிரெஞ்சில் எழுதிக்கொண்டாங்க. எனக்குப் படிக்க வராது. நான் மனசில் வெச்சுக்கொண்டேன். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கஞ்சி. அதோடு சரி. காலையில் தண்ணிகூடக் கூடாது. வெளியே நடத்திக் கூட்டிப்போய் எல்லாம் ஆன பிறகு தூக்கி வரணும். போர்த்த ஒரு பழைய கம்பளி. முக்கியமாக எடை. எடை தெரிந்தால்தான் மருந்து அளவு தெரியும் என்றார். அவரிடம் குதிரை, மாடு பார்த்த பழக்கம்தான் இருந்தது. சின்ன உயிரை நிறுக்க ஒன்றும் இல்லை.

அதனால் நாயைக் கூடையில் வெச்சுத் தூக்கிக்கொண்டு வெங்காய மண்டிக்குப் போனேன். மண்டிக்காரர் பாய் எனக்குத் தெரிந்தவர். என் வீட்டுக்காரர் கடல் பாலத்தில், கப்பல் சரக்கு இறக்குகிற இடத்தில், மூட்டை தூக்கினவர். கப்பல் இல்லாத நாளில் பாய் மண்டிக்கும் தூக்குவார்.

"கூடையில என்னா தங்கச்சி, கோழியா?"

"நாய்."

"நாயா! ஏன், மதாம் எடைக்கு எடை வெங்காயம் கேக்குதா?"

மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தன், "எதுத்தாப்ல கறிக்கடை இருக்கு, அங்க போயி நிறுத்துடாத, திரும்பி வராது" என்றான்.

பாய் தள்ளி நின்றார். அவங்க நாயைத் தொடமாட்டாங்க. தட்டு மேல் ஒரு கோணியை விரித்து, "நீயே வையி. நான் படிக்கல்லு போடறேன்" என்றார். நாய் வெங்காய நெடிக்கு ரெண்டு தும்மல் போட்டது. தராசு ஆடியது. மறுபடி நிற்கிறவரை காத்திருந்தோம். அப்புறம் நான் நாயைத் தூக்கி இடுப்பில் வெச்சுக்கொண்டேன். பாய் காலிக் கூடையைக் கோணியோடு நிறுத்துக் கழித்தார். நாலு கிலோ. அதற்கும் கொஞ்சம் குறைச்சல்.

"எதுக்கு எடை?"

"பல்லு வைத்தியம். மயக்க மருந்துக்கு."

பாய் சிரிப்பை நிறுத்தினார். "உன் வூட்டுக்காரனுக்குக் கூட..." என்று ஆரம்பித்தார். அப்புறம் படிக்கல்லை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். நான் வந்துவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கஞ்சியைக் குழைத்து எலும்புத் தண்ணி ஊற்றி வெச்சேன். பாதி நக்கியது. மிச்சத்தைக் கொட்டினேன். படுக்கப் போகும்போது தண்ணிக் கிண்ணத்தைக் கழுவிக் கவுத்து வெச்சேன்.

காலையில் மதாம் பூசைக்குப் போனாங்க. "சாமியார்கிட்ட நாய்னு சொல்ல மாட்டேன். ஒரு நோயாளிக்காகன்னு சொல்வேன். நீ பாத்துக்கோ, ஒரு சொட்டு கூடாது" என்றாங்க. கதவைச் சாத்திக்கொண்டு போனாங்க.

நான் நாயை நடத்திக் கூட்டிப்போனேன். ஒன்றுக்குப் போனது, வெளிக்கும் போனது. கூட்டி வந்து கம்பளியைத் தட்டி மடித்தேன். நாய் கிண்ணம் இருக்கிற இடத்துக்குப் போனது. கவுத்த கிண்ணத்தை மூக்கால் தள்ளியது. அது நகர்ந்து சுவரில் முட்டியது. நாய் தரையை நக்கியது. அப்புறம் என்னைப் பார்த்தது.

என் வீட்டுக்காரருக்குக் குடல் இறக்கம். மூட்டை தூக்கித் தூக்கி வந்தது. ஆபரேஷன் என்றார்கள். அன்னைக்குக் காலையில் கட்டிலில் படுத்துக்கொண்டு தண்ணி கேட்டார். கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "முடிஞ்சதும் குடிக்கலாம்" என்றேன். "ஒரு வாய்தானே" என்றார். நான் கொடுக்கவில்லை. சொன்னதைக் கேட்கிறவள் நான். வண்டியில் வெச்சுத் தள்ளிக்கொண்டு போனார்கள். நெஞ்சு தாங்கவில்லை என்று மத்தியானம் வந்து சொன்னார்கள்.

எங்களில் உயிர் போகிற வாய்க்குப் பால் ஊற்றுவார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஊற்றினேன். உள்ளே போகவில்லை. கடைவாய் ஓரமாக வழிந்து காதுக்குள் போனது. துணியால் துடைத்தேன்.

நாய் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. என் காப்பிக்கு வெச்சிருந்த பால் அடுப்போரம் இருந்தது. அரை டம்ளர். கிண்ணத்தை நிமிர்த்தி ஊற்றினேன். வாய் வலியிலும் பூராவும் நக்கிவிட்டது. கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, பழையபடி கவுத்தேன். மீசை முடியில் ஒட்டியிருந்ததையும் துடைத்தேன்.

தப்பு என்று தெரியும். எதற்காகத் தப்பு என்று தெரியாது. வெறும் வயிறு என்றால் மருந்து சீக்கிரம் ஏறும்போல, அவ்வளவுதான் நினைத்தேன். பால்தானே.

மதாம் வந்தாங்க. நாய் நெத்தியில் தீர்த்தம் தொட்டு வெச்சாங்க. ரிக்‌ஷாவில் போனோம். நாய் என் மடியில். மதாம் கையில் செபமாலை.

டாக்டர் வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டு மெழுகுத்துணி விரித்திருந்தார்கள். உதவிக்கு ஒரு ஆள் இருந்தார், நடுத்தர வயசு. முன்னங்காலில் துணிப்பட்டை கட்டினார். டாக்டர் கருவியைக் காதில் மாட்டி நெஞ்சைக் கேட்டார். எடையைக் கேட்டார். சொன்னேன்.

"யாரு நிறுத்தது?"

"வெங்காய மண்டி பாய்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார். உதவி ஆள் சிரித்தார். "எதனா தின்னுச்சா?"

மதாம் சொன்னாங்க, "நேத்து ஆறு மணியோட சரி. தண்ணிகூட இல்ல. இவளக் கேளுங்க. இவ ஒண்ணு சொன்னா மாறாது."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றேன்.

உதவி ஆள் புட்டியைத் திறந்தார். அந்த வாசனை வந்தது. இனிப்பாக, தலைக்குள் ஏறுகிற மாதிரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்னைக்கு முழுக்க வந்த அதே வாசனை. டாக்டர் பஞ்சை மடித்துக்கொண்டே மதாமிடம் பேசிக்கொண்டிருந்தார். பயத்தில் இருக்கிறவங்களிடம் பேச்சுக் கொடுப்பது அவர் வழக்கம்போல.

"ஏன் தண்ணிகூட வேணாங்கறோம்னா, மயக்கத்துல தொண்டை காவல் காக்காது மதாம். வயித்துல இருக்கறது மேல வந்து மூச்சுல போயிடும். அப்புறம் நான் என்னா செஞ்சாலும் திரும்பாது."

எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. கூடாது என்று மட்டும்தான் சொன்னார்கள்.

டாக்டர் பஞ்சில் மருந்தை ஊற்றக் கையை நீட்டினார்.

"பால் குடுத்தேன்" என்றேன்.

உதவி ஆள் புட்டியை மூடினார்.

"எப்ப?"

"மதாம் பூசைக்குப் போனப்ப. ஆறரை இருக்கும்."

"எவ்ளோ?"

"அரை டம்ளர்."

டாக்டர் பஞ்சை மேசையில் வெச்சார். "இப்பதான இல்லன்ன?"

"ஆமாங்க."

மதாம் என்னைப் பார்த்து ரெண்டு வார்த்தை பிரெஞ்சில் சொன்னாங்க. எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை. அப்புறம் தமிழில், "நீயாடி?" என்றாங்க.

டாக்டர் நாயின் கட்டை அவிழ்த்தார். "அனுப்பிட்டு இன்னொரு நாள் வரச் சொல்லலாம். ஆனா கன்னம் அன்னைக்குப் பாத்ததவிட வீங்கியிருக்கு. தள்ள முடியாது. மூணு மணிக்குச் செய்றேன். அதுவரைக்கும் இங்கியே இருக்கட்டும், என் கண்ணு முன்னால." என் பக்கம் திரும்பினார். "வேற எதனா குடுத்தியா? பிஸ்கோத்து, ரொட்டி?"

"இல்லீங்க."

"இது நெசமா?"

"நெசந்தாங்க."

கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. மதாம் உட்கார்ந்தாங்க. என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. நான் தரையில் உட்கார்ந்து நாயை மடியில் வெச்சுக்கொண்டேன்.

பத்து மணி போல வெயில் ஏறியது. நாய் நாக்கை நீட்டியது. என் உள்ளங்கையை நக்கியது. உப்பாக இருந்திருக்கும், விடாமல் நக்கியது. கையை எடுத்து முந்தானையில் சுத்திக்கொண்டேன். அது முனகியது. மூலையில் டாக்டர் வீட்டு மண்பானை இருந்தது. அது பானையைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. உதவி ஆள் வந்து ஒரு குவளை மொண்டு எனக்கு நீட்டினார்.

"நீயாவது குடி ஆச்சி. உனக்கு மயக்கம் குடுக்க மாட்டோம்."

"வேணாங்க."

மத்தியானம் மதாம் பையிலிருந்து ரொட்டி எடுத்தாங்க. பிட்டாங்க. மறுபடி பையிலேயே வெச்சாங்க. ரொம்ப நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் கேட்டாங்க.

"ஏன் குடுத்த?"

"அவருக்குக் குடுக்கல."

மதாமுக்குத் தெரியும். அடக்கத்துக்கு வந்திருந்தாங்க. செபமாலையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தாங்க. பாதியில் நிறுத்தி, "சாமியார்கிட்டயும் நான் பொய்தான் சொன்னேன்" என்றாங்க. அப்புறம் தொடர்ந்தாங்க.

அன்னைக்குத் தண்ணி கொடுத்திருந்தால் அவர் மூச்சில் போயிருக்கும். கொடுக்காததால் போகவில்லை. ஆனாலும் போய்விட்டார். இதை வெச்சுக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. மாற்றி உட்கார்ந்தால் நாய் எழுந்துவிடும் என்று அப்படியே இருந்தேன்.

மூணு மணிக்கு உதவி ஆள் வந்து நாயை வாங்கினார். கதவைச் சாத்தினார்கள். முதலில் நகம் மெழுகுத்துணியைப் பிறாண்டுகிற சத்தம். அது அடங்கியது. அப்புறம் சுரண்டுகிற சத்தம். அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி. சுரண்டுகிறவரைக்கும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். நடு நடுவே நிற்கும். நிற்கும்போது மதாம் என் தோளைப் பிடிப்பாங்க. மறுபடி சுரண்டினால் விடுவாங்க. கடைசியில் சத்தம் நின்று போனது. ரொம்ப நேரம் வரவில்லை. மதாம் கையை எடுக்கவில்லை.

கதவு திறந்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க. மூச்சு வுடறான். இன்னும் எழுந்திருக்கல."

கம்பளி மேல் கிடந்தது. நாக்கு வெளியே தொங்கியது. வாயோரம் கொஞ்சம் ரத்தம். பல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது, சின்ன வயசில் இருந்த மாதிரி. எடுத்த பல் ரெண்டையும் காகிதத்தில் மடித்து மதாமிடம் கொடுத்தார்கள். வயிறு மேலே போனது, கீழே வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் காது அசைந்தது. அப்புறம் ஒரு கால். தலையைத் தூக்கியது, தாங்கவில்லை, போட்டது. மறுபடி தூக்கியது. இந்தத் தடவை நின்றது. என்னைத்தான் பார்த்ததா, சும்மா பார்த்ததா, தெரியாது.

டாக்டர் பானையிலிருந்து ஒரு கிண்ணத்தில் தண்ணி மொண்டு வந்தார். மதாம் கையை நீட்டினாங்க. அவர் மதாமிடம் கொடுக்கவில்லை. என் பக்கம் நீட்டினார்.

"இப்ப குடு. கொஞ்சமா."

விரலை நனைத்து நாக்கில் வெச்சேன். ரெண்டாவது தடவை உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து வாயோரம் பிடித்தேன். நக்கியது. தொண்டை ஏறி இறங்கியது.

வழியவில்லை. உள்ளே போனது.

உதவி ஆள் காலையில் நீட்டின அதே குவளையை மறுபடி கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன்.