கண் கொட்டில், காது கொட்டில், கை கொட்டில்

நெல்லியடிச் சந்தியிலிருந்து சற்று உள்ளே, தகரக் கூரை போட்ட மூன்று கொட்டில்களில் நடந்த தனியார் ரியூட்டரி ஒன்றில் சாதாரணதரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதன் நிர்வாகி ஒருகாலத்தில் வணிகம் படிப்பித்தவர். படிப்பிப்பதை எப்போதோ விட்டுவிட்டார். படிப்பிப்பது எப்படி என்று பேசுவதை மட்டும் விடவில்லை. கொழும்பில் ஏதோ பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்த கையோடு எங்களைக் கூப்பிட்டார்.

"பிள்ளையள் மூண்டு விதம், ரீச்சர். சிலபேர் கண்ணாலை படிப்பினம், சிலபேர் காதாலை, சிலபேர் கையாலை. எல்லாரையும் ஒரே கொட்டிலுக்கை அடைச்சு நாங்கள் கெடுத்துப்போட்டம்."

ஒரே கொட்டிலுக்குள் அடைத்ததில் பிள்ளைகள் கெட்டது உண்மைதான். பின்வாங்கில் இருப்பவர்களுக்கு என் குரலும் கேட்காது, கரும்பலகையும் தெரியாது. ஆனால் அந்த அடைசலைக் குறைப்பது பற்றிப் பட்டறையில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

பிள்ளைகளுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. பாட்டுக் கேட்க விருப்பமா, படம் கீற விருப்பமா, ஓரிடத்தில் இருந்தால் சலிக்குமா. தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அத்தனை பேரின் மூளையையும் அவர் பிரித்து முடித்துவிட்டார். மூன்று கொட்டில்களின் வாசலிலும் கண், காது, கை என்று படம் ஒட்டப்பட்டது. காது கொட்டிலின் கரும்பலகையை ஒரு பழைய திரைச்சீலையால் மூடினார். பார்த்தால் கேட்கிற கவனம் கெட்டுவிடுமாம்.

"கேத்திரகணிதத்தை வாயாலை எப்பிடி, சேர், சொல்லுறது?" என்று கேட்டேன்.

"அது உங்கடை கெட்டித்தனம்."

அந்தக் கெட்டித்தனம் எனக்கு வரவில்லை. வட்ட நாற்பக்கலை நான் குரலால் வரைந்துகொண்டிருக்க, பிள்ளைகள் கோவில் பிரசங்கம் கேட்பவர்கள் போல் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளின் பழக்கம் மாறிய வேகத்தைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. காதுக்காரர் கொப்பி கொண்டுவருவதை நிறுத்தினார்கள். கண்காரர் புத்தகம் முழுவதற்கும் மஞ்சளும் பச்சையும் பூசினார்கள். பூசாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கைக்காரர் ஈர்க்கில் முக்கோணம் கட்டினார்கள், கட்டிய முக்கோணத்தால் ஒருவரையொருவர் குத்தினார்கள். கணக்குச் செய்யச் சொன்னால், "நான் அந்த விதமில்லை, ரீச்சர்" என்று மூன்று கொட்டிலிலும் ஒரே பதில். சோம்பலுக்கு இவ்வளவு மரியாதையான பெயர் அதுவரை யாரும் வைத்ததில்லை.

காது கொட்டிலில் வல்வெட்டித்துறைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். முன்பெல்லாம் ஒரு கணக்கை முணுமுணுத்தபடி இரண்டு தரம் எழுதிப் பார்ப்பாள். அதுதான் அவளுடைய படிப்பு. அந்த மாதச் சோதனையில் பாதித் தாளை வெறுமையாகத் தந்தாள். கேட்டதற்கு, வீட்டில் எழுத விடுகிறார்களில்லை என்றாள்.

அவளுடைய தாய் வீட்டு முன்பக்கத்தில் சின்னக் கடை வைத்திருந்தா. போய்க் கதைத்தேன்.

"அவ காதாலை படிக்கிற பிள்ளை, ரீச்சர். வாசிச்சால் மண்டையிலை ஏறாதாம், சேர் சொன்னவர். புத்தகமெல்லாம் அலுமாரிக்கை வைச்சுப் பூட்டிப்போட்டன். கனடாவிலை இருக்கிற என்ரை தம்பி வாசிச்சு வாட்ஸ்அப்பிலை அனுப்புறான்."

தம்பியின் குரலையும் போட்டுக் காட்டினா. வரலாற்றுப் பாடம். வேலை முடிந்து வந்து வாசித்திருக்கிறார், பாவம். நடுவில் கொட்டாவி விட்டார், யாரோ கதவு தட்டினார்கள், அதன்பின் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போனார்.

"சோதினையைக் காதாலையே எழுதுறது, அம்மா?"

"நீங்கள் பழைய முறையிலை படிச்ச ஆக்கள், ரீச்சர். உங்களுக்கு உது விளங்காது."

நான் எழுந்துவிட்டேன். படலைவரை வந்த பிள்ளையிடம், பாட்டுக் கேட்க விருப்பம் என்று ஏன் எழுதினாய் என்று கேட்டேன்.

"பாட்டுக் கேக்க ஆருக்கு, ரீச்சர், விருப்பமில்லை?"

பட்டறைக்குப் போன ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. பிறகு குரலைத் தாழ்த்தி, தான் என்ன செய்கிறாள் என்று சொன்னாள். காதில் இயர்போனைச் செருகிக்கொள்வாள், போனில் எதையும் போடமாட்டாள். கடைக்குச் சாமான் வந்த பெட்டி மட்டைகளைக் கிழித்து, உட்பக்கத்தில் கணக்குச் செய்வாள். தாய் எட்டிப் பார்ப்பா, வயரைக் கண்டதும் நிம்மதியாகப் போய்விடுவா.

அடுத்த வகுப்பில் திரைச்சீலையை இழுத்துக் கழற்றினேன். காது கொட்டில் பிள்ளைகள் கரும்பலகையை ஏதோ காட்சிச்சாலையில் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வட்டத்தைக் கீறி முடிப்பதற்குள் நிர்வாகி வந்து நின்றார்.

"இது ஒரு முறை, ரீச்சர். முறையைக் குழப்பக் கூடாது."

"அப்ப முறையே படிப்பிக்கட்டும், சேர்."

குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், பிறகு அங்கே படிப்பிக்கப் போகவில்லை. கோபத்தைவிட அலுப்புத்தான் அதிகம். அந்தப் பிள்ளை மிச்சக் கணக்குகளை ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து செய்தாள். தாயிடம் என்ன சொல்லி வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

பரீட்சை முடிவு வந்தது. கணிதத்தில் பி தரம் எடுத்திருந்தாள். அடுத்த கிழமை சந்தியில் ரியூட்டரியின் பெரிய பதாகை ஒன்று தொங்கியது. அதில் அவளுடைய முகம், தலையில் யாரோ கணினியில் பொருத்திவிட்ட பெரிய ஹெட்போன், கீழே "கேட்டார், வென்றார்". அவளைப் பிறகு கண்டபோது படத்துக்கு ஏன் சம்மதித்தாய் என்றேன்.

"அம்மா குடுத்திட்டா. இப்ப கடைக்கு வாற எல்லாருக்கும் அதைத்தான் காட்டுறா." சிரித்தாள். வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. அவளுக்கு உயர்தரப் பாடங்கள் தொடங்கியிருந்தன. இதை நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

நிர்வாகியைக் கடைசியாகச் சந்தையடியில் கண்டேன். நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பழசையெல்லாம் மறந்தவர்போல் பக்கத்தில் வந்தார்.

"கண், காது எல்லாம் பழசாப் போச்சு, ரீச்சர். இப்ப விரல் ரேகையிலையே தெரியுமாம், பிள்ளை என்ன படிக்கும் எண்டு. மெசின் ஒண்டு எடுக்கப்போறன். நீங்களும் ஒருக்கா வந்து விரலை வைச்சுப் பாருங்கோவன்."

என் விரலெல்லாம் மண்ணாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை நிறுக்கக் கொடுத்தேன்.