குடிலுக்கு மண்

சுனாமிக்கு முந்தைய ஆண்டின் டிசம்பர், இரண்டாம் சனிக்கிழமை. அப்பா அதை மூன்றாம் சனி என்பார். அப்படி இருக்க முடியாது. கிறிஸ்துமஸ் குடிலில் தூவும் கேழ்வரகு விரல் உயரம் வளரப் பத்து நாளாவது வேண்டும். அதற்குப் பிந்தி அம்மா மண்ணுக்குக் கிளம்பியிருக்க மாட்டாள்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் இரண்டு வீடுகளில் குடில் கட்டுவார்கள். எங்கள் குடிலின் தரைக்கு மட்டும் அம்மா பிறந்த ஊரின் வயல்மண் வரும். அம்மாவின் தம்பியான மாமா ஆண்டுதோறும் ஒரு சாக்கில் கொண்டுவந்து போடுவார். அந்த ஆண்டு வயல் இல்லை. ஊரோடு சேர்ந்து நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிருந்தது. வடலூரில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்ட மாமாதான் யோசனை சொன்னார்.

"கல்வராயன் மலைக்குப் போவம்க்கா. அங்க இல்லாத மண்ணா? பசங்களும் மல பாத்த மாதிரி இருக்கும்."

நான் மலை பார்த்ததில்லை என்று அவர் நினைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் மலைகள் இருந்தன. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைத் தோண்டிக் கொட்டிக் கொட்டி எழுந்தவை. அந்த மண்ணைக் கொட்டும் எந்திரத்தில்தான் அப்பாவுக்கு வேலை. மலை என்பது அப்பாக்கள் ஷிப்ட் போட்டுச் செய்வது என்றே நான் அறிந்திருந்தேன்.

வேன் கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறியது. காது அடைத்தது. மரங்களின் உச்சிகள் எங்களுக்குக் கீழே போயின. மேகம் ஒன்று, மாடு கடப்பதைப்போல நிதானமாகச் சாலையைக் கடந்தது. எனக்கு மலைப்புத் தாங்கவில்லை.

"மாமா, இவ்ளோ மண்ண எந்தக் குழியிலேர்ந்து எடுத்தாங்க?"

டிரைவர்கூடச் சிரித்தார்.

"உங்கப்பா நைட் ஷிப்ட்ல கொட்னதுதான் மாப்ள," என்றார் மாமா. "தூங்கிகினே கொட்டியிருக்காரு. பாரு, ரோடு எப்பிடி வளைஞ்சி வளைஞ்சி போவுதுன்னு."

"பர்மனென்ட் ஆவறதுக்கு முன்னாடி கொட்டினது. அப்ப அனுபவம் பத்தாது," என்றார் அப்பா.

அம்மா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "அவன் கேக்கறது நாயந்தான. குழி இல்லாம மேடு ஏது?" என்றாள். சிரிப்பு அதோடு நின்றது.

அருவிக்குப் பக்கத்தில், மரத்தடியில், மாமா கருப்பு மண்ணைச் சாக்கில் அள்ளினார். இலை மக்கிய வாசம் வந்தது. அம்மா ஒரு கை எடுத்துப் பார்த்தாள். நல்ல மண் என்று சொல்லிவிட்டு, சாக்கைக் கவிழ்த்து மரத்தடியிலேயே கொட்டினாள்.

"அப்ப இவ்ளோ தூரம் எதுக்குக்கா வந்தம்?"

"மல பாக்கத்தான்டா. பாத்தாச்சில்ல."

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் ஊர் மலையின் உச்சியில் எந்திரத்தின் விளக்குகள் எரிந்தன. அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"எங்கூரு மண்ண எந்தப் பக்கங்க கொட்னீங்க?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "இந்தப் பக்கந்தான்," என்றார்.

வேனை நிறுத்தச் சொன்னாள். அந்த ஆண்டு மழையில் மேடு கரைந்து, சேறாகிச் சாலையோரம் வரை வழிந்து காய்ந்திருந்தது. அம்மா குந்தி உட்கார்ந்து கையால் அள்ளத் தொடங்கினாள்.

"அது அடிமண்ணு கலந்தது. ஒண்ணும் மொளைக்காது. எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. அம்மா நிறுத்தவில்லை. அவரும் வேனைவிட்டு இறங்கிப்போய்ச் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

அப்பா சொன்னபடியே ஆயிற்று. கிறிஸ்துமஸுக்கு எங்கள் குடிலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளை தெரிந்தது. மற்றதெல்லாம் வெடித்த, வெளிறிய மண். அடுத்த வீட்டுக் குடிலிலோ பச்சைப் புல்லும் அதன்மேல் பஞ்சுப் பனியும். குடில் பார்க்க வந்த பிள்ளைகள் எங்கள் வீட்டில் நிற்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்த வீட்டில் கெஞ்சி இரண்டு கை நிறையப் பஞ்சு வாங்கிவந்து அம்மாவிடம் நீட்டினேன்.

"மண்ணு தெரியாம மூடிடலாம்மா."

அம்மா பஞ்சை வாங்கிக்கொண்டாள். தீவனத்தொட்டியில் கிடந்த குழந்தை யேசுவைத் தூக்கி, அவருக்கு அடியில் அதை மெத்தையாக வைத்தாள். மண்ணின்மேல் ஒரு துணுக்குக்கூட வைக்கவில்லை. ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அந்த மண் அப்படியே கிடந்தது.

நான் சொன்னது அம்மாவுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.