மீன்கார அக்காவுக்கு நடந்த நவநாள்

மூன்று வருடத்துக்கு முன்னால், தூத்துக்குடி மாதா கோயிலில் கொடியேற இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது நடந்தது இது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு ஐஸ் கம்பெனியின் நீளச் சுவர் உண்டு. ஊரை அழகுபடுத்தக் கிளம்பிய ஒரு குழு, அந்தச் சுவரில் படம் வரைய என்னைக் கூப்பிட்டது.

நான் நாசரேத்துக்காரி, தினமும் பஸ்ஸில் வந்து தூத்துக்குடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிற டிராயிங் டீச்சர். பதினாறு வருஷமாகப் பிள்ளைகளுக்கு மாம்பழமும் மயிலும் சொல்லிக் கொடுத்தே கை மரத்துப் போயிருந்தது. எனக்கென்று ஒரு சுவர் கிடைத்தால் விடுவேனா? கப்பல், டால்பின், கலங்கரை விளக்கம் என்று குழு கொடுத்த பட்டியலை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டேன். என் திட்டமே வேறு.

படிக்கிற காலத்திலிருந்தே எனக்கு பாப் ஆர்ட் மேல் ஒரு பைத்தியம். அறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் சில பேர், கடையில் அடுக்கியிருக்கிற டப்பாவையும் சினிமா நடிகையின் முகத்தையும் கலர் மாற்றி மாற்றி வரிசையாக அச்சடித்து, 'இதுவும் ஓவியம்தான்' என்று நிறுத்தினார்களே, அதுதான். நடிகை முகத்துக்குக் கிடைத்த மரியாதை நம்ம ஊர் மீன்காரிக்கும் கிடைக்கட்டுமே என்று தோன்றியது.

ஏலக்கூடத்துப் பக்கம் மீன் விற்கிற ஓர் அக்காவைப் பிடித்தேன். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக் கூடையைப் பார்த்தபடி இருந்தார். அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சுவரில் வரையலாமா என்று கேட்டேன்.

"என் மூஞ்சியையா? வேற ஆளே கெடைக்கலியா டீச்சர்?" என்று சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை.

சுவரை நடுவிலுள்ள தூண்கள் ஒன்பது கட்டமாகப் பிரித்திருந்தன. அட்டையில் அச்சு வெட்டி, ஒன்பதிலும் அதே முகத்தை இறக்கினேன். முதலில் நீல முந்தானை, அடுத்தது ரோஸ், அப்புறம் மஞ்சள். கூடையும் மீனும் வேண்டாம், முகம் மட்டும் போதும் என்று முடிவு பண்ணியதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் முதல் முகத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி எரிந்து உருகிக் கிடந்தது. யாரோ கரண்ட் போனபோது வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டாவது முகத்துக்குக் கீழே நாலு மெழுகுவர்த்தி. புதன்கிழமை மூன்றாவதுக்குக் கீழே ஒரு வரிசையே நின்றது, மல்லிகைப்பூ வேறு. எதிரே டீக்கடை அண்ணாச்சியிடம் போய் விசாரித்தேன்.

"நவநாள்லா நடக்கு! நீங்கதான ஒம்பது மாதா வரஞ்சு வச்சிருக்கீய? ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு கும்பிடுதாவ" என்றார்.

திரும்பிச் சுவரைப் பார்த்தேன். முக்காடு, தாழ்ந்த கண், முதல் கட்டத்தில் மாதாவுக்குரிய நீலம், மொத்தம் ஒன்பது. ஒன்பது நாள் தொடர்ந்து மாதாவிடம் வேண்டுகிற ஊரில் அது வேறு என்னவாகத் தெரியும்? எங்கள் புராட்டஸ்டன்ட் சர்ச்சில் பீடத்துக்குப் பின்னால் ஒரு வெறும் சிலுவை, சுவரில் ஒரு வசனம், அவ்வளவுதான். படம் என்றால் தள்ளி நின்று பார்க்கிற பொருள் என்று வளர்ந்தவள் நான். இவர்களுக்கோ அது பக்கத்தில் போய்ப் பேசுகிற ஆள். ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் அது சாதாரணமாகிவிடும் என்று அமெரிக்கக்காரர்களிடம் படித்திருந்தேன். ஒரே ஜெபத்தை ஐம்பது தடவை உருட்டுகிற ஜெபமாலைக்காரர்களிடம் அந்தப் பாடம் செல்லுமா?

அன்றைக்கே குழுவிலிருந்து போன். பொதுச் சாலையில் சாமி படம் கூடாது, சனிக்கிழமை வெள்ளையடிக்கப் போகிறோம் என்றார் ஒரு சார். "அது மாதா இல்ல சார், மீன் விக்கிற அக்கா" என்றேன்.

"அத மெழுகுவர்த்திகிட்ட சொல்லுங்க டீச்சர்" என்று வைத்துவிட்டார்.

விடக்கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்தது. பதினாறு வருஷம் காத்திருந்து கிடைத்த சுவர். கீழே 'இது மாதா அல்ல' என்று எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். இந்த ஊரில் அப்படி எழுதிவிட்டு நான் முழுசாக நாசரேத் பஸ் ஏற முடியுமா?

அக்காவைத் தேடிப் போனேன். அவருக்கு அதற்குள் சேதி போயிருந்தது. முகம் சிவந்திருந்தது.

"உசுரோட இருக்கவளுக்கு மெழுகுவர்த்தி ஏத்துதாவ, அதக்கூட விடுங்க. மாதாவுக்குப் போவ வேண்டிய வேண்டுதல்லாம் என் மூஞ்சிக்கு வருதே, நான் என்னத்தக் குடுப்பேன்?"

நீங்கள் சொன்னால் நானே அழித்துவிடுகிறேன் என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"அழிச்சா மாதாவ அழிச்சிட்டாவன்னு அதுக்கு ஒரு சண்ட வரும். நாளைக்கு நானே வந்து அதுக்கு அடியில யாவாரம் பண்ணுதேன். எவ மெழுகுவர்த்தி கொண்டு வாரான்னு பாப்போம்."

வியாழக்கிழமை விடிந்ததுமே நாலாவது முகத்துக்குக் கீழே கூடையை இறக்கினார். படத்தில் இருப்பது போலவே முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள். பாதிப் பேர் சிரித்துவிட்டு, மெழுகுவர்த்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாளை மீன் வாங்கிப் போனார்கள். ஒருத்தர் மட்டும் என்னை முறைத்துவிட்டுப் போனார். முறைக்க வேண்டியதுதான்.

வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு சின்னப் பெண் வந்தாள். கல்யாணமாகி வருஷம்கூட ஆகியிருக்காது. அக்காவின் முகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தவளின் கையிலிருந்து மெழுகுவர்த்தி கீழே விழுந்தது.

"மூணு நாளா இந்த மூஞ்சியப் பாத்துத்தான அழுதேன்" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கப் போனவர். பன்னிரண்டு நாளாகப் போன் இல்லை. கோயிலுக்குப் போனால் தெரிந்தவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள் என்று பயந்து, ஆளில்லாத நேரமாக இந்தச் சுவருக்கு வந்திருக்கிறாள்.

நான் குற்ற உணர்வில் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தேன். அக்கா கூடையைச் சாக்குப் போட்டு மூடினார்.

"அழுதது அழுததுதான் ஏளா. மாதாவுக்குக் கேட்டிருக்கும். எழும்பு, கோயிலுக்குப் போவம். எவ கேக்கான்னு நான் பாக்கேன்." என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்களும் வாங்க. வரஞ்சது நீங்கதான?"

அண்ணாச்சியிடம் கூடையை ஒப்படைத்துவிட்டு மூன்று பேரும் போனோம். அந்தப் பெண் மாதா முன்னால் நின்று ஜெபித்தாள் என்று சொல்ல மாட்டேன், பேசினாள். "அவுகளுக்கு சிக்னல் மட்டும் குடு தாயே, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." நாற்பத்தொரு வயதுவரை மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபித்து அறியாதவள் நான். அன்றைக்கு அக்கா என் கையில் ஒன்றைத் திணித்தார். ஏற்றினேன். எனக்கும் அதே சிக்னலைத்தான் கேட்கத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அக்காவைப் பார்த்து இன்னும் மூன்று மீன்காரப் பெண்கள் அடுத்தடுத்த முகங்களுக்குக் கீழே கூடை இறக்கினார்கள். மெழுகுவர்த்தி ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமை குழுவிலிருந்து அந்த சார் வெள்ளையடிக்கும் ஆட்களோடு வந்தார். சுவருக்குக் கீழே பேரம் பேசுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அரைக்கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு மறுவாரம் அந்தப் பெண்ணின் புருஷன் வந்து சேர்ந்தார். எஞ்சின் கோளாறாம், வேறொரு படகு கட்டி இழுத்து வந்ததாம். அவள் ஓடிவந்து அக்காவின் காலில் விழப் போக, அக்கா கையிலிருந்த மீனாலேயே அவளை அடிக்க ஓங்கினார். "இன்னும் புத்தி வரலியா ஒனக்கு? அங்கன போயி விழு!" என்று கோயில் இருக்கிற திசையைக் காட்டினார். நாங்கள் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நாலு சுவர் வரைந்துவிட்டேன். ஒவ்வொன்றிலும், அந்த வழியாக யார் யார் என்ன வேண்டுதலைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள் என்று ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்க்காமல் நான் பெயின்ட் டப்பாவின் மூடியைத் திறப்பதில்லை.