ஒரு சார்ஜுக்கு எத்தனை ஜாக்கெட்

என் மோட்டாரின் திறனை நான் வாட்டில் அளப்பதில்லை, ஜாக்கெட்டில் அளக்கிறேன். பேட்டரியை ஒரு முறை முழுதாக சார்ஜ் செய்தால் லைனிங் வைத்த ஜாக்கெட் எத்தனை தைக்க முடிகிறது? அவ்வளவுதான் கணக்கு. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தையல்காரி வேறு எதில் அளப்பாள்?

வாலிகண்டபுரம் போகிற சாலையோரம் எனக்கு ஒரு தகரக் கொட்டகை. கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. இருபது வருஷம் மிதித்த மிதியில் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. பெரம்பலூர் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இனிமே பெடல் மிதிக்கவே கூடாதும்மா" என்றார். மிதிக்கக் கூடாது என்றால் மோட்டார் வேண்டும். கடையில் வாங்கிய பேட்டரி மோட்டார் ஒன்று இரண்டே நாளில் புகைந்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே காந்தமும் கம்பியும்தான். அட, இவ்வளவுதானா என்று தோன்றிய அந்த நிமிஷம் பிடித்தது பைத்தியம், இன்னும் விடவில்லை. உண்மையைச் சொன்னால், இப்போது கொட்டகைக்குக் கரண்ட் வந்தாலும் நான் இதை விட மாட்டேன்.

அரியலூர் பழைய இரும்புக் கடையில், மோட்டார் எரிந்துபோன மின்சைக்கிள் ஒன்று கிடைத்தது. அதன் காந்தங்களைப் பெயர்த்து ஒரு வட்டப் பலகையில் ஒட்டினேன். எதிரே ஆறு காயில், செம்புக் கம்பியை என் கையாலேயே சுற்றியது. பேட்டரிக்குத்தான் வீட்டில் சண்டை. என் வீட்டுக்காரர் பருத்திக்கு மருந்தடிக்கிற இரண்டு மெஷின்களில் இருந்தும் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் சோதனையில் நாலு ஜாக்கெட். காயிலைத் தொட்டால் சுட்டது. தடித்த கம்பியில் மறுபடி சுற்றினேன், ஆறு. ஆறாவது முடிந்தபோது கத்தரிக்கோலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கை தட்டினேன். சாலையில் போன பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் வந்து நின்றார். "பருத்தியில புழு வுழுந்துட்டு. பேட்டரியக் குடு."

"ஆறு தைக்குதுங்க. இன்னும் கூட்டிடுவேன்."

"ஆறு வச்சு தீபாவளித் துணி தச்சு முடிப்பியா? பத்து தச்சுக் காட்டு, பேட்டரி ரெண்டும் ஒனக்கே. இல்லன்னா பேட்டரியையும் குடுத்துட்டு, கடையையும் மூடிட்டு வூட்ல ஒக்காரு. அந்தக் காலோட இனிமே மிதிக்க வுட மாட்டேன்."

சரி என்றேன். வீம்புதான். ஆனால் கடையை மூடுவதா!

காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஒரு தபால் அட்டை கனத்துக்குக் குறைத்தேன். மறுநாள் தைக்க உட்கார்ந்தால் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது! ஏழு, எட்டு, பத்து, பன்னிரண்டு! எனக்குத் தலை கால் புரியவில்லை. போன் போட்டேன். வீட்டுக்காரர் வந்து, நான் தைப்பதை வீடியோ எடுத்தார். மீசைக்குள் சிரிப்பு. அதை சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டும் விட்டார்.

அன்று சாயங்காலம் முழங்கால் வீங்கிவிட்டது. மோட்டார்தானே தைத்தது, கால் ஏன் வீங்குகிறது? தைலம் தேய்த்தபடி அந்த வீடியோவை நானும் பார்த்தேன். மோட்டார் சுற்றுகிறது, ஊசி ஓடுகிறது. கீழே, பெடலில், என் வலது கால் மும்முரமாக மிதித்துக்கொண்டிருக்கிறது!

ஆரம்ப வேகத்துக்குத் துணையாக இருக்கட்டும் என்று பெடலையும் கீழ்ச் சக்கரத்தையும் நான் கழற்றாமல் வைத்திருந்தேன். முதல் இரண்டு சோதனையிலும் ஜாக்கிரதையாகக் காலை மடக்கி உட்கார்ந்தேன். இந்த முறை அவசர வேலை, கால் அதன் பாட்டுக்குப் பெடலுக்குப் போய்விட்டது. பன்னிரண்டில் பாதியைத் தைத்தது பேட்டரி இல்லை, என் முழங்கால். வெட்கத்தில் முகம் எரிந்தது. குரூப்பில் அதற்குள் ஏழெட்டுப் பேர் கைதட்டல் பொம்மை போட்டிருந்தார்கள்.

மறைத்திருக்கலாம். அவர் கவனிக்கவே இல்லை. ஆனால் பொய்க் கணக்கை வைத்துக்கொண்டு நாளைக்கு நான் எதை மேம்படுத்துவது? அவரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப நாளைக்கு என் முன்னாடி ஓட்டு" என்றார்.

மறுநாள் பெடலையும் கீழ்ச் சக்கரத்தையும் மொத்தமாகக் கழற்றி மூலையில் சாத்தினேன். ஸ்டூலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன். அவர் எதிரே உட்கார்ந்துகொண்டார். மேல் சக்கரத்தைக் கையால் ஒரு சுண்டு சுண்டியதும் மெஷின் எடுத்த வேகம் இருக்கிறதே! அப்போதுதான் புரிந்தது, எண்ணெய் காணாத அந்தப் பெடலும் சக்கரமும் இத்தனை நாள் என் பேட்டரியைத் தின்றிருக்கின்றன. ஆறைத் தாண்டியது. எட்டைத் தாண்டியது. ஒன்பதாவதை அவர் மடியில் எறிந்தேன். பத்தாவதில் ஒரு கை ஏற்றி, அடுத்த கைக்குத் துணியை வைக்கும்போது ஊசி திணறியது, நின்றது.

ஒரு கை பாக்கி. நாலாவது காயிலைத் தொட்டுப் பார்த்தேன், அது மட்டும் சுட்டது. சார்ஜ் அங்கேதான் போகிறது என்று கத்தினேன். தோற்றுவிட்டேன் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவர் ஜாக்கெட்டைப் பார்க்கவில்லை, என் முழங்காலைப் பார்த்தார்.

"கால் வலிக்குதா?"

நீட்டிப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன். வலிக்கவில்லை. ஒன்பது ஜாக்கெட் தைத்து எழுந்த பிறகும் வலிக்கவில்லை. அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காலையில் கடையைத் திறக்கும்போது பேட்டரிகளை எடுத்துப் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். இரண்டும் மெஷினுக்குக் கீழே இருந்தன, வீட்டில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார். வீட்டுப் பரணில் வருஷக்கணக்காகக் கிடந்த பழைய கை பம்பைத்தான் நான் கிளம்பும்போதே காணவில்லை. அதைக் கையால் அடித்து அடித்துத்தான் மருந்து தெளிக்க வேண்டும். ரெண்டு ஏக்கர் முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

பத்தாவது ஜாக்கெட்டை அப்படியே மடித்து வைத்துவிட்டு, முதல் வேலையாக நாலாவது காயிலைப் பிரித்தேன்.