வாத்துக்கு ஹப்தா

எங்கள் வீட்டு வாத்துகள் ஆட்டோவில் வந்தவை. வடக்கே, ஹிந்தி பேசுகிற ஊரில், கிட்வாய் நகரில் அப்பாவுக்குக் கிடைத்திருந்த அரசுக் குடியிருப்பில்தான் மாமாவும் எங்களோடு இருந்தார். அம்மாவின் தம்பி. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். மாற்றலாகிப் போகிற அதிகாரி ஒருவர் இரண்டு வாத்துகளை மடியில் வைத்துக்கொண்டே அவர் ஆட்டோவில் ஸ்டேஷன் வரைக்கும் வந்திருக்கிறார். ரயிலில் ஏற்றமுடியாது என்பது அங்கே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்ததாம்.

"அந்தாளு அழுவுறாருக்கா. எப்பிடி வேணாம்னு சொல்றது?" என்றார் மாமா.

"அழுவுறவங்ககிட்டல்லாம் வாங்கிக்கினு வந்தா வூடு தாங்குமாடா?" என்று அம்மா கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டாள்.

கிண்ணம் போதவில்லை. வாத்துக்குத் தண்ணீர் என்பது குடிப்பதற்கு மட்டுமில்லை. தலையை முழுசாக முக்கி எடுத்தால்தான் அதற்குக் கண்ணும் மூக்கும் சுத்தமாகும். துணி அலசுகிற டப்பைக் கொடுத்துப் பார்த்தோம். அதில் இறங்கின வாத்துகள் ஏறத் தெரியாமல் கத்தின. கடைசியில், பின்பக்கம் கெட்டுக் கிடந்த, வெயில் காலத்தில் குளிர்காற்று தருகிற பழைய கூலரை மாமா பிரித்தார். கூலரின் அடியில் தண்ணீர் நிற்கிற தகரத் தொட்டியை மட்டும் கழற்றி, எங்கள் தரைத்தள வீட்டு முன்னால் இருந்த துண்டுத் தோட்டத்தில் செங்கல் மேல் வைத்தார். ஏறி இறங்கப் பக்கத்தில் செங்கல் படியும் வைத்துக் கொடுத்தார். தொட்டியின் மூலையில் ஓர் அடைப்பான் இருந்தது. அதைப் பிடுங்கினால் அழுக்குத் தண்ணீர் நேராகக் கத்திரிச் செடிக்குப் போகும். காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் அடைப்பானைப் பிடுங்குவதும், தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புவதும் என் வேலை. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம். அந்த வருஷம் கத்திரிக்காய் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டு மாளாத அளவுக்குக் காய்த்தது.

மழைக்காலத்தில் கொசு பார்க்கிறவர் வந்தார். நரைத்த மீசை, தோளில் பை, கையில் டார்ச். வீடு வீடாகப் போய்க் கூலரிலும் பூந்தொட்டியிலும் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் கொட்டிவிடுவார். பக்கத்து வீட்டுக் கூலர் தண்ணீரை அவர் அப்படியே கவிழ்த்ததைப் பார்த்துவிட்டு ஓடிவந்து நான் எங்கள் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். அவர் என்னைத் தாண்டி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் தொட்டியைக் காட்டி ஒரு விரலைத் தூக்கினார். "ஏக் ஹப்தா. ஹப்தா, சம்ஜே?" என்றார், புரிந்ததா என்று கேட்பதுபோல.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. அவளுக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறிக்காரரோடு பேசுகிற அளவுதான். ஆனால் ஹப்தா நன்றாகத் தெரியும். ஆட்டோ ஸ்டாண்டில் சில பேருக்கு வாராவாரம் அழவேண்டிய மாமூலுக்கு அதுதான் பெயர். மாமா தினமும் ராத்திரி சோற்றோடு சேர்த்து அதைத் திட்டிக்கொண்டிருப்பார்.

"இன்னாடா கேக்குறான்?"

"வாரம்னு சொல்றாரும்மா."

"வாராவாரம்னுதான் சொல்லுவான். வேற எப்பிடிச் சொல்லுவான்?"

ஹப்தா என்றால் வாரம் என்று எங்கள் ஹிந்திப் பாடத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகம் தொட்டவன் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடவரும். ஆனாலும் பாடப்புத்தகத்தைவிட மாமாவின் அனுபவம் பெரிதல்லவா. நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மா உள்ளே போய் அன்றைக்கு இட்ட இரண்டு வாத்து முட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினாள். அவர் முட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார். தொட்டியை ஒன்றும் செய்யவில்லை.

அப்பா கேள்விப்பட்டுக் கலங்கிப் போனார். "கவருமெண்டு வூட்ல இருந்துக்கினு கவருமெண்டு ஆளுக்கே லஞ்சமா?"

"முட்டைதானேங்க."

"அக்கா தேறிட்டா மாமா," என்றார் மாமா, அப்பாவிடம். "நானே இன்னும் பேரம் பேசிக்கினு இருக்கறேன்."

அதற்குப் பிறகு வாராவாரம் அவர் வந்தார். வாராவாரம் முட்டை போனது. காற்றில் குளிர் ஏறத் தொடங்கியபோது வாத்துகள் இறகை உதிர்த்தன. முட்டை நின்றுபோயிற்று. நல்ல தண்ணீர் கொடுத்தால் இடும் என்று நினைத்து, குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரையும் தொட்டியில் ஊற்றி அம்மாவிடம் அடி வாங்கினேன். வாத்துகள் சுகமாகக் குளித்தன. இடவில்லை.

அவர் வரும் நாளும் வந்தது. தொட்டி இன்றோடு போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாதி உதிர்ந்த இறகோடு அதிலே மிதந்துகொண்டிருந்த இரண்டுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அம்மா என்னை முன்னால் தள்ளினாள். "அடுத்த வாரம் சேத்துக் குடுத்துடறோம்னு சொல்லு. பதமா சொல்லு."

பதமாகத்தான் சொன்னேன். "இஸ் ஹப்தே கா ஹப்தா, அக்லே ஹப்தே." இந்த வாரத்து ஹப்தா அடுத்த வாரம் என்று.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "எந்த ஹப்தா?" என்று ஹிந்தியில் கேட்டார். முட்டை என்றேன். டார்ச்சைப் பையில் போட்டார். பிறகு செங்கல் படியில் உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றச் சொன்னாராம், அவ்வளவுதான். மதராஸிகள் வீட்டுக்கு யார் வந்தாலும் முட்டை கொடுத்து அனுப்புவார்கள் போலிருக்கிறது, வேண்டாம் என்றால் தப்பாக நினைப்பார்கள் என்று வாங்கிக்கொண்டாராம். "வாத்து இருக்கும் இடத்தில் கொசு எங்கே பிழைக்கும்?" என்றும் சொன்னார். நான் ஒவ்வொன்றாக அம்மாவுக்குச் சொன்னேன்.

"வாரம்னா வெறும் வாரம்தானா? அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா?"

"சொன்னேனேம்மா."

"நல்லாச் சொல்லணும்," என்றாள் அம்மா. டீ போட உள்ளே போனாள்.

டீயைக் குடித்தபடியே அவர் குனிந்து தொட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தார். துரு அரித்து ஒரு மூலையில் கசிந்துகொண்டிருந்தது. 'ச்சு' கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறு வாரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஊரெல்லாம் நிற்கிற தண்ணீரைக் கொட்டுகிறவரின் கேரியரில், கயிறு போட்டுக் கட்டிய பெரிய கூலர் தொட்டி ஒன்று. யார் வீட்டிலோ வேண்டாம் என்று போட்டதாம். துரு இல்லை. அவரே இறக்கி வைத்தார், அடைப்பான் கத்திரிச் செடிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து. நான் குழாயைப் போட்டேன். பாதி நிறைவதற்குள் இரண்டு வாத்துகளும் தொப்பென்று உள்ளே விழுந்தன.

ஹப்தா என்பது நாம் கொடுப்பதுதானே, அது திரும்பியும் வருமா என்று அன்று ராத்திரி மாமாவைக் கேட்டேன். அவருக்குத் தெரியாத ஹப்தா இல்லை. சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார்.

"எங்க ஸ்டாண்டுல அந்தப் பழக்கம் இல்லடா," என்றார்.

ஆகவே, சர்க்காரில் வாத்துகளுக்கு மட்டும் தனிச் சட்டம் இருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டேன். ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.