நர்சம்மா எண்ணிய மூச்சு

தறிக்காரர் ராமலிங்கத்தின் மூச்சை எண்ணுவதற்கு நர்ஸ் அம்சவேணி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இருபது வருஷமாகக் காஞ்சிபுரத்துக் குழந்தைகளின் வயிறு ஏறி இறங்குவதை எண்ணியவர் அவர். இந்த ஐம்பது வயதுக் குழந்தையிடம் இரண்டு நாள் தோற்றுப்போனார்.

தெரு அம்மனின் பல்லக்குக்கு வருஷா வருஷம் தோள் கொடுப்பவர் ராமலிங்கம். போன வருஷம் நிமோனியாவில் விழுந்து, வாசலில் உட்கார்ந்தபடி பல்லக்கைப் பார்த்து அழுதார். இப்போது நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அவர் மனைவி ஜெயம்மாளுக்கு டாக்டர் போதாது.

"நர்சம்மா எண்ணிப் பாக்கட்டும். நிமிஷத்துக்கு இருபதுக்குள்ள இருந்தா பல்லக்கு. இல்லாட்டி இந்த வருஷமும் வாசல்தான்."

முதல் நாள் அம்சவேணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "சாதாரணமா மூச்சு விடுங்கண்ணா" என்றார். கெட்டது கதை! சாதாரணமாக விடுவது எப்படி என்றே மனுஷனுக்கு மறந்துபோயிற்று. துருத்தி மாதிரி இழுத்து இழுத்து விட்டார். இருபத்தெட்டு.

மறுநாள் அம்சவேணி சொல்லாமல் கொள்ளாமல் தறியருகே போய் நின்றார். ராமலிங்கம் பட்டில் ஜரிகைப் புட்டாப் பூ போட்டுக்கொண்டிருந்தார். கை அசையக்கூடாதாம், நூலைப் பிரிக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அப்புறம் பெரிதாக ஒன்று விடுகிறார். எண்ணினால் ஏழு.

"இருபதுக்குள்ளதானே இருக்குது?" என்று ராமலிங்கம் ஆசையாகக் கேட்டார்.

"ஏழு இருந்தா பல்லக்கு இல்லண்ணா, ஆம்புலன்ஸ்தான்."

ஜெயம்மாளுக்கு முகம் வெளுத்தது. "இப்படி அடக்கிக்கினே இருந்தா ஒரு நாள் நின்னுடாதாம்மா?"

"நிக்காதுக்கா. அடக்க அடக்க ரத்தத்துல கரியமில வாயு ஏறிக்கினே போவும். பின்னந்தலைக்குள்ள, மூளையோட அடியில ஒரு காவக்காரன் அதைப் பாத்துக்கினே இருக்கான். அளவு மீறினா இவரைக் கேக்க மாட்டான், தானா மூச்சு வந்துடும். நாம கவனிக்கப் போயித்தான் அவன் வேலை கெடுது."

"அப்ப நான் இல்லாதப்ப வந்து எண்ணுங்கம்மா" என்றார் ராமலிங்கம்.

அந்தப் பேச்சுதான் அம்சவேணிக்கு வழி காட்டியது. மூன்றாம் நாள், "இன்னிக்கு நாடி மட்டும்தான்" என்று சொல்லி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்பாடா என்று ராமலிங்கம் சுவரில் சாய்ந்தார். அம்சவேணியின் விரல் நாடியில் இருந்தது, கண்ணோ அவர் வயிற்றில் இருந்தது. ஒரு நிமிஷம் முழுசாகப் போனது.

"பதினாறு" என்றார்.

"நாடி பதினாறா?" ராமலிங்கம் பதறி எழுந்துவிட்டார்.

"மூச்சுண்ணா!"

ஜெயம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுபோனது.

திருவிழா அன்று பல்லக்கு தெருவுக்குள் வந்தது. ராமலிங்கம் முன்வரிசையில் இருந்தார். தெருமுனையில் பல்லக்கை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். பழக்கதோஷம், அம்சவேணி எண்ண ஆரம்பித்தார். முப்பத்திரண்டு. பாரம் சுமந்தால் ஏறத்தான் வேண்டும். கொஞ்ச நேரத்தில் தானாக இருபத்திரண்டானது, பிறகு பதினெட்டு. ராமலிங்கம் திரும்பிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அம்சவேணிக்குத் தன் பிள்ளை பாஸானதுபோல் இருந்தது.

அதைச் சொல்லத்தான் பக்கத்தில் திரும்பினார். ஜெயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் சிவக்க, அசையாமல் நின்றிருந்தார்.

"அக்கா, மூச்சை விடுங்க."

"தானா வரும்னீங்களே" என்று சொல்ல வாயைத் திறந்தார் ஜெயம்மாள். அழுகையும் சிரிப்புமாக, அது தானாகவே வந்தது.