மில்லுக்குள் ஒரு கல்யாணம்

திருநெல்வேலி டவுனுக்கு மேற்கே இருந்த நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அதை மூடியபோது, "ஆறு மாசத்துல தொறந்துருவாங்க" என்று தெருவெல்லாம் அடித்துச் சொன்னவன் நான்தான். கூட வேலை பார்த்தவர்கள் பழக்கடை, ஆட்டோ, துபாய் என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் காக்கிச் சட்டையைத் தேய்த்து மடித்து வைத்துக்கொண்டு நாலு வருஷம் காத்திருந்தேன். வீட்டில் அடுப்பு எரிந்தது என் மனைவியின் தையல் மெஷினால். வெளியே அதை அவளுடைய பொழுதுபோக்கு என்று சொல்லிவந்தேன்.

மில்லைத் திறக்கத்தான் செய்தார்கள், ஏ.சி. கல்யாண மண்டபமாக.

போன ஆவணியில் எதிர்வீட்டுப் பையனுக்கு அங்கே கல்யாணம். மனைவி "சோலி இருக்கு" என்று விடியுமுன்னே போய்விட்டாள். என்ன சோலி என்று நான் கேட்கவில்லை. மண்டபத்தில், "இந்த மேடை இருக்குல்லா, இங்கனதான் என் மெஷின் நின்னுச்சு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மெஷின் இரைச்சலில் வளர்ந்த தொண்டை. மேளக்காரரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் சாப்பாட்டுக்கு வழி கேட்டார்கள்.

"பின்னால வாங்க அண்ணாச்சி. கண்ணைக் கட்டி விட்டாலும் எனக்கு இங்கன வழி தெரியும்."

பழைய பஞ்சு குடோன் பக்கமாக அழைத்துப்போய் ஒரு கதவைத் தள்ளினேன். உள்ளே ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய கல்யாணப் பெண் வீலென்று கத்தினாள். அவளுடைய ரவிக்கையைச் சரிசெய்தபடி, வாயில் குண்டூசிகளோடு என் மனைவி. ஊசிகளை எடுத்துவிட்டுக் கேட்டாள்:

"சாப்பாடு மாடியில. இங்கன என்ன பண்ணுதிய?"

"கண்ணைக் கட்டியே கூட்டிட்டு வந்திருக்கலாம் வே" என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் திரும்பிவிட்டார்கள்.

நான் அசடு வழிய வாசலிலேயே நின்றேன். "எத்தனை நாளா இங்கன வார?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷமா. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கூப்பிடுதாங்க. மில்லுன்னு சொன்னா நீங்க அழுவியேன்னுதான் சொல்லல."

அழமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வெறும் இருமல் வந்தது. மணப்பெண்தான் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

இப்போது முகூர்த்த நாள்களில் மனைவியை மொபெட்டில் கொண்டுபோய் விடுவது என் வேலை. முதல் நாள் வாட்ச்மேன் மறித்து யாரென்று கேட்டார். என் இருபத்திரண்டு வருஷ சர்வீஸைச் சொன்னேன். அவர் அசையவில்லை.

"டெய்லரம்மா வீட்டுக்காரர்" என்றேன்.

கேட்டைத் திறந்துவிட்டார்.